யுபிஐ முடங்கும் நேரத்தில் தேடலில் முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணை நம்பலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணிக்காரி

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணி பாரதி சாலையை ஒட்டிய தெருவொன்றில் என் அப்பா எழுதுபொருள் விற்பனையும் ஜெராக்ஸும் சேர்ந்த சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறார். கல்லூரி மாணவர்களும் மேன்ஷன்களில் தங்கியிருப்பவர்களும்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் என்பதால், இரண்டு ரூபாய் நகலுக்குக்கூடக் கைப்பேசியைத்தான் நீட்டுகிறார்கள். கல்லாவில் விழும் ரொக்கம் மிகக் குறைவு.

அண்மையில் ஒரு சனிக்கிழமை மதியம், மொத்த வியாபாரிக்கு அப்பா அனுப்பிய தொகை கணக்கிலிருந்து கழிந்துவிட்டதாக வங்கியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஆனால் அது வியாபாரிக்குப் போய்ச் சேரவில்லை. செயலியைத் திறந்தால் பரிவர்த்தனை நிலுவையில் இருப்பதாகக் காட்டியது, அதன் பிறகு செயலியே திறக்கவில்லை. பதறிப்போன அப்பா, செயலியின் பெயரையும் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்பதையும் சேர்த்துத் தேடியிருக்கிறார். முதலில் வந்த இணைப்பில் அந்தச் செயலியின் பெயரும், '24 மணி நேர உதவி' என்ற வாசகமும், ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. அது விளம்பரம் என்னும் குறிப்பு மேலே சிறிய எழுத்தில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுவனமே கொடுத்த விளம்பரம் என்றுதான் எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எதிர்முனையில் பேசியவர் நல்ல தமிழில், மிகுந்த மரியாதையோடு, "சர்வர் கோளாறுதான் ஐயா, நானே பணத்தைத் திருப்பிவிடுகிறேன்" என்று சொல்லி, ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லியிருக்கிறார். கைப்பேசித் திரையைப் பகிர்வதற்கு அது அனுமதி கேட்டபோது, நகலெடுக்கக் காத்திருந்த மாணவர் ஒருவர் எட்டிப் பார்த்து, அழைப்பைத் துண்டிக்கச் சொல்லியிருக்கிறார். பணம் எதுவும் போகவில்லை. நிலுவையில் இருந்த தொகையும் மறுநாள் காலையில் தானாகவே கணக்குக்குத் திரும்பிவிட்டது.

சரியான எண்ணைத் தெரிந்துகொள்ளலாம் என்று அன்றிரவு நான் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டேன். அது இரண்டு எண்களைத் தயக்கமில்லாமல் தந்தது; அவற்றுள் ஒன்று அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் எங்குமே இல்லை. தேடினால் விளம்பரம், கருவியைக் கேட்டால் ஊகம் என்றால், எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் யாரிடம் போவது? கோளாறு எங்கள் கைப்பேசியிலா, கடையின் இணைய இணைப்பிலா, வங்கியிலா, இல்லை நாடு முழுவதிலுமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தகைய விளம்பரங்களை எப்படி அனுமதிக்கிறார்கள் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நங்கநல்லூர் பென்ஷனர்

அம்மா, பதற்றம் பணத்தில்தான் தொடங்குகிறது என்பதால் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கில் கழிந்து, எதிர்தரப்புக்குச் சேராத தொகைகளைப் பற்றிய புகார்களைக் கேட்டே என் கடைசிச் சில ஆண்டுப் பணிக்காலம் கழிந்தது.

யுபிஐ பரிமாற்றத்தில் உங்கள் அப்பாவின் வங்கி, வியாபாரியின் வங்கி, இரண்டுக்கும் நடுவில் தேசியப் பணம் செலுத்தும் கழகம் என்று குறைந்தது மூன்று தரப்புகள் இருக்கின்றன. முதலில் அனுப்புகிறவர் கணக்கில் பற்று வைக்கப்படும். அடுத்துப் பெறுகிறவர் கணக்கில் வரவு வைக்கும்படி செய்தி போகும். அந்த இரண்டாவது செய்திக்குப் பதில் வராமல் போனால், பணம் சேர்ந்ததா இல்லையா என்பது செயலிக்கே தெரியாது. அதைத்தான் அது நிலுவை என்று காட்டுகிறது. அந்த நிலையில் பணம் யாரோ ஒருவர் கையில் இருப்பதாகவும், கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருப்பவர் அதை எடுத்து நமக்கு அனுப்பிவைப்பார் என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி எவரும் கையால் எடுத்து அனுப்புவதில்லை. வங்கிகள் தங்களுக்குள் கணக்கை ஒப்பிட்டுச் சரிசெய்கிறபோது, ஒன்று தொகை பெறுகிறவருக்குச் சேரும், இல்லையேல் அனுப்பியவருக்குத் திரும்பும்.

இதற்குக் காலக்கெடு உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ வழியாக ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய தொகை கழிந்தும் சேராமல் இருந்தால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்பியாக வேண்டும். கடைக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதிச் செய்தி கிடைக்காமல் போனால் ஐந்து நாள் அவகாசம். கெடுவைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதையும் வாடிக்கையாளர் புகார் கொடுப்பதற்காகக் காத்திராமல் வங்கியே வரவு வைக்க வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே, அன்று உங்கள் அப்பா எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் பணம் வந்திருக்கும், வந்தும் விட்டது. அவர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம், அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். செயலி மீண்டும் திறக்கும்போது, அதே பரிவர்த்தனையைத் தொட்டால் அதன் அடியிலேயே புகார் பதியும் வசதி இருக்கும். கெடு முடிந்தும் பணம் திரும்பாவிட்டால் அதைப் பயன்படுத்தலாம்.

யுபிஐயின் ரகசிய எண்ணான பின் (PIN) எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான் தேவை. 'பணத்தைத் திருப்பித் தருகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்' என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் திருடர்தான். தனிநபர்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள் என்றால், அந்த வழியாக நடந்த ஏமாற்று எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணை எங்கே பார்ப்பது என்பதற்கு என் பதில் பழைய காலத்துப் பதில்தான். டெபிட் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது. இணையத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால், தேடாமல் வங்கியின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு இல்லாத பக்கத்தில் வங்கி என்ற பெயர் இருந்தால் வெளியே வந்துவிடலாம். பத்து இலக்கக் கைப்பேசி எண்ணில் வங்கிகள் பொதுவாகக் கஸ்டமர் கேர் நடத்துவதில்லை.

பதில்: தரமணி சர்வர் அறை

ஐயா சொன்னதற்கு மேல் பணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். வலைப்பின்னல் பராமரிப்புதான் என் வேலை.

முதலில் கடையின் வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த டேட்டாவில் அதே செயலியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்துவிட்டால் கோளாறு உங்கள் இணைப்பில். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். மெட்ரோவுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் ஆண்டு முழுவதும் தெரு தோண்டப்படும் சென்னையில் இதற்கு வேறு விளக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. டேட்டாவிலும் அந்தச் செயலி மட்டும் திறக்கவில்லை, மற்றவை திறக்கின்றன என்றால் செயலியில் கோளாறு. செயலி திறக்கிறது, ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மட்டும் பணம் போகவில்லை என்றால் அந்த வங்கியில் கோளாறு. பக்கத்துக் கடைக்காரர் வேறு செயலி, வேறு வங்கி வைத்திருந்தும் அவருக்கும் போகவில்லை என்றால் நடுவிலிருக்கும் அமைப்பே திணறுகிறது. இதற்கு இரண்டு நிமிடம் போதும். பக்கத்துக் கடைக்காரரைவிட நம்பகமான கருவி எதுவும் இதில் எனக்குத் தெரியவில்லை.

முடக்கங்களைக் கண்காணிக்கும் தளங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். டவுன்டிடெக்டர் போன்றவை பயனர்கள் பதியும் புகார்களை எண்ணித்தான் வரைபடம் போடுகின்றன. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் முடங்கினால், அதன் வாடிக்கையாளர்கள் தங்கள் வங்கியின் மீதும் வீடியோ தளத்தின் மீதும் புகார் பதிகிறார்கள், எல்லாமே முடங்கியதுபோலத் தோன்றுகிறது. 2025 நவம்பர் 18 மாலை ஐந்து மணியளவில் பல இணையதளங்களுக்கு முன்னால் நின்று வருகையாளர்களை வடிகட்டி அனுப்பும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலைப்பின்னல் முடங்கி, எக்ஸ் தளமும் சாட்ஜிபிடியும் திறக்காமல் போனபோது, என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனால் டவுன்டிடெக்டரும் பலருக்குத் திறக்கவில்லை. அதுவும் அதே வலைப்பின்னலுக்குப் பின்னால்தான் இருந்தது.

கேள்வியில் ஓரமாக நிற்கும் 'சர்வர் கோளாறு' என்ற பேச்சை நான் முன்னுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பெரிய முடக்கங்களின் காரணங்களை எடுத்துப் பாருங்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஒரேயடியாக மறைந்ததற்குக் காரணம், வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு வலைப்பின்னலையே துண்டித்ததுதான். தவறான கட்டளையைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. 2025 தீபாவளியன்று நண்பகல் பன்னிரண்டே கால் மணிக்கு அமேசானின் வர்ஜீனியா தரவு மையங்கள் தடுமாறியது, இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு முகவரிப் பதிவை வெறுமையாக்கியதால். நான் மேலே சொன்ன கிளவுட்ஃபிளேர் முடக்கத்தில், தானியங்கி வருகையாளர்களை அடையாளம் காணும் கோப்பு ஒன்று இரு மடங்காகப் பெருத்துவிட்டது. அவ்வளவு பெரிய கோப்பை நிரல் ஏற்கவில்லை. முதலில் அவர்களே தாக்குதல் என்றுதான் சந்தேகித்தார்கள்.

இவற்றுள் எதிலும் வாடிக்கையாளர் செய்ய வேண்டியது எதுவுமே இருக்கவில்லை. தரவிறக்க ஒரு செயலி, சொல்ல ஒரு ஓடிபி, புதுப்பிக்க ஒரு கேஒய்சி எதுவும் கிடையாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதில் மட்டும் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆள் அலுவலகத்தின் கணினிப் பிரிவைச் சேர்ந்தவர். 'சர்வர் கோளாறு, அதைச் சரிசெய்ய உங்கள் கைப்பேசியில் ஒன்று செய்ய வேண்டும்' என்ற வாக்கியமே தன்னளவில் பொய் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால், அது மீண்டும் மீண்டும் அழுத்தாமல் இருப்பது. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ திணறியதற்கு, 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று' என்று சில வங்கிகளின் கணினிகள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். ரேஷன் கடையில் 'பாமாயில் வந்ததா' என்று ஆளாளுக்கு நிமிடத்துக்கொரு முறை கேட்டால், எடை போடுகிறவர் பதில் சொல்லியே மாய்ந்து போவாரே, அந்த நிலைதான். அதன் பிறகுதான் அத்தகைய வினவல்களுக்கு வரம்பு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்பைப் பார்க்க முடியாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவி ஏன் தவறான எண்ணைத் தந்தது என்றால், அவை இணையத்தில் கிடைப்பதைத் தொகுத்துச் சொல்கின்றன, அல்லது இப்படித்தான் இருக்கும் என்று பொருத்தமான ஒன்றைக் கட்டமைத்துத் தருகின்றன. மோசடிக்காரர்கள் கருத்துப் பெட்டிகளிலும் வரைபடக் குறிப்புகளிலும் கேள்வி-பதில் பக்கங்களிலும் தங்கள் எண்களை நிறுவனப் பெயரோடு சேர்த்து விதைத்து வைக்கிறார்கள். கடிதம் எழுத, கணக்குப் புரிந்துகொள்ள நானும் அவற்றைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஓர் இலக்கம் பிசகினாலும் வேறொருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் தொலைபேசி எண்ணை மட்டும் அவற்றிடம் கேட்பதில்லை.

பதில்: ஆண்டர்சன் தெரு காகிதக் கடை

காத்திருங்கள், எதுவும் செய்யாதீர்கள் என்று இருவரும் சொல்லியிருப்பது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வாங்குகிறவர்களுக்குச் சரி. இந்தத் தம்பியும் ஐயாவும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாரிமுனையில் நாங்கள் நின்றுகொண்டிருப்பது அந்த நிலுவையின் மறுபக்கத்தில். வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டேன் என்று திரையைக் காட்டுகிறார், கல்லாவின் மேலிருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை, வண்டியில் காகிதக் கட்டுகள் ஏறிவிட்டன, பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். அவரை நம்பி அனுப்புவதா, இறக்கி வைப்பதா? போலித் திரையைத் தயாரித்துக் காட்டும் செயலிகளே இருக்கின்றன என்பதால் திரையை நம்ப முடியாது; நெடுநாள் வாடிக்கையாளரைச் சந்தேகிக்கவும் முடியாது.

நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்: தெரிந்தவர் என்றால் 12 இலக்க எண்ணைப் பில்லின் பின்னால் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்பிவிடுவோம், மறுநாள் வங்கிக் கணக்கில் ஒப்பிட்டுக்கொள்வோம். தெரியாதவர் என்றால் ரொக்கம், அல்லது சரக்கு கடையிலேயே இருக்கும். இதில் மனத்தாங்கல் வருவது உண்டு, வந்துதான் தீரும்.

ரொக்கத்தைப் பற்றி யாருமே பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலின்போது, ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; ஏடிஎம்மிலும் பணமில்லை, மின்சாரமும் இல்லை, அட்டை தேய்க்கும் கருவியும் வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்து, கணக்கில் பணம் வைத்திருந்தவர்கள் பால் பாக்கெட் வாங்க முடியாமல் நின்றார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாவில் நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு வாரச் செலவுக்கு எடுத்து வைப்பது எங்கள் தெருவில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்திருப்பதும், சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் என்ற செயலிக்குள்ளிருக்கும் சிறு பணப்பையில் கொஞ்சம் போட்டு வைப்பதும் உதவும். அதில் 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை செலுத்தலாம்; வங்கியின் கணினி திணறும்போதும் அது பெரும்பாலும் வேலை செய்கிறது. இணைய இணைப்பே இல்லாவிட்டால் அதற்கும் வழியில்லை.

உங்கள் அப்பா பணம் அனுப்பியது எங்கள் தெருவில் உள்ள ஒருவருக்குத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை வியாபாரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டு, 'சர்வர் டவுன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் ஒரு நாள் கடன் பெரிய விஷயமில்லை.

பதில்: பார் அசோசியேஷன் வாசகர்

விளம்பரத்தைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடுகிறவருக்கு வேறொருவருடைய விளம்பரத்தை முதலில் காட்டுவது சட்டப்படி சரியா என்பது பழைய வழக்கு. அதற்குச் சென்னையிலேயே வரலாறு உண்டு. பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்திய கன்சிம் நிறுவனம், தன் வணிகப் பெயர்ச் சொற்களைப் போட்டி நிறுவனங்கள் விளம்பரத்துக்கான குறிச்சொற்களாக வாங்குவதற்கு எதிராகக் கூகுள் மீது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் வந்த உத்தரவில் அது கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அந்தச் சொற்கள் பெரும்பாலும் பொதுவான வருணனைச் சொற்கள் என்பது ஒரு முக்கியக் காரணம். 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயரைப் பற்றிய வழக்கில் இன்னும் கூர்மையாகப் பேசியது: விளம்பரத் திட்டத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, செயலூக்கமுள்ள பங்கேற்பாளர், வணிகச் சின்ன மீறல் இருந்தால் இடைத்தரகர்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை அது கோர முடியாது.

இவை இரண்டும் நிறுவனங்களுக்கிடையிலான வழக்குகள் என்பதைக் கவனியுங்கள். ஏமாந்த வாடிக்கையாளர் விளம்பரத் தளத்திடமிருந்து பணத்தை வசூலிப்பது இவற்றால் எளிதாகிவிடவில்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டுதல்கள், ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளைத் தடை செய்கின்றன. விளம்பரம் என்று தெரியாதபடி உருமாற்றிக் காட்டப்படும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று. அதன் கீழ்ப் புகார் செய்யத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் சிறிய எழுத்தில் விளம்பரம் என்று போட்டுவிட்டோமே என்று தளம் சொல்லும். அந்த எழுத்தின் அளவு போதுமா என்று வாதாடித்தான் ஆக வேண்டும்.

எனக்கு இதில் கோபம் வருவது வேறொரு இடத்தில். உங்கள் அப்பா தேடுபொறிக்குப் போனதற்கே காரணம், அந்தச் செயலிக்குள் உதவி எண் கண்ணில் படாததுதான். பணப் பரிமாற்றச் செயலி எதையாவது திறந்து பாருங்கள்: உடனடிக் கடன், தங்கச் சேமிப்பு, காப்பீடு, சுரண்டிப் பார்க்கும் பரிசுச் சீட்டு எல்லாம் முகப்பிலேயே பளிச்சென்று நிற்கும், உதவிப் பக்கம் நான்கு திரைகளுக்கு அப்பால் இருக்கும். 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிமாற்றத்துக்கு வணிகர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆகிவிட்டதால், அந்தச் செயலிகள் கடனையும் விளம்பரத்தையும் விற்றுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது; அது எனக்குப் புரிகிறது. ஆனாலும், கடன் பொத்தானுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியை உதவிக்குக் கொடுத்திருந்தால், போலி எண்காரர்களின் தொழில் பாதியாகக் குறைந்திருக்கும்.

கேள்வி கேட்டவர்: திருவல்லிக்கேணிக்காரி

அனைவருக்கும் நன்றி. ஆண்டர்சன் தெரு ஐயா ஊகித்தது சரி. வியாபாரி அந்தத் தெருவில்தான் இருக்கிறார், மறுநாள் பணம் திரும்பிய பிறகுதான் மீண்டும் அனுப்பினோம். இன்னும் ஒரே ஓர் ஐயம். அந்த மாணவர் இல்லாமல் போயிருந்து, அப்பா திரையைப் பகிர்ந்தும் இருந்தால், அந்த நிமிடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கள் தெருவில் இன்னொரு கடைக்காரருக்கு இது நடக்காது என்று சொல்ல முடியாது என்பதால் கேட்கிறேன்.

பதில்: நங்கநல்லூர் பென்ஷனர்

முதலில் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட வேண்டும். இணைப்பு அறுந்தால் திரையும் அவர்களுக்குத் தெரியாது. பிறகு வேறொருவருடைய கைப்பேசியிலிருந்து, அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து, யுபிஐ, இணைய வங்கிச் சேவை, டெபிட் அட்டை மூன்றையும் முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால், அதே மூச்சில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் நிறுத்திவைக்க முடிவதெல்லாம் தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதைப் பொறுத்தது. காவல் நிலையத்துக்கு நடந்து போய்ப் பிறகு அழைக்கலாம் என்று நினைக்கக் கூடாது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

பொறுப்பு யாருடையது என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்தது. மூன்றாம் நபரின் மோசடியில் வாடிக்கையாளர் தவறு எதுவும் இல்லாமல், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. ஆனால் பின் எண்ணையோ ஓடிபியையோ அவரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. எனவே வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணமாகவே கணக்காகிறது. என் கிளைக்கு வந்தவர்களில் பலர் அந்த வெட்கத்தால்தான் தாமதித்தார்கள்.

வங்கி முப்பது நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; அதற்கான வழிகாட்டுதலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது, வங்கியில் எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், அதன் எண் என்ன என்பதுதான். ஆகவே வங்கியை அழைக்கும்போது புகார் எண்ணையும் நேரத்தையும் பேசியவர் பெயரையும் கடையின் பில் புத்தகத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.